எட்டு முப்பத்தொன்றுக்கு உதித்த சூரியன்

மங்களத்துக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டவர்கள் யாரும் மாப்பிள்ளை யாரென்று கேட்கவில்லை. அது மலாக்காவின் சுங்கை ஊடாங் வட்டாரத்துக்கே தெரியும். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து டேங்கர் லாரி ஓட்டும் வீரப்பன், ஆறு வருஷமாக மங்களத்தின் கேன்டீனில்தான் பசியாறுகிறார். ஒரு தட்டு நாசி லெமாக்கோடு எழுந்து போகிற மனுஷர் சில மாதங்களாக இரண்டாவது தேநீருக்கும் உட்கார்ந்தார். அப்போதே ஊர் கணக்குப் போட்டுவிட்டது. எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்.

"எத்தனை மணிக்கு?"

அப்படிக் கேட்பதற்குக் காரணம் இருந்தது. மங்களத்தின் முதல் கல்யாணம் இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால், ஒரு தை மாதத்தில், லூபோக் சீனாவுக்குப் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நடந்தது. பத்திரிகையில் அடித்திருந்த முகூர்த்தம் காலை 7.30 முதல் 9.00 வரை. மாப்பிள்ளை வீட்டு வேன் தம்பின் ஊரைத் தாண்டி டயர் வெடித்து நின்றுவிட்டது. மாப்பிள்ளை தர்மேந்திரன் வியர்த்துக் கொட்ட ஓடிவந்து தாலி கட்டியபோது மணி ஒன்பது இருபது. கட்டியவன் அதைப் பார்க்கவில்லை, கட்டிக்கொண்டவளும் பார்க்கவில்லை. பார்த்தவள் மாப்பிள்ளையின் அக்கா குஞ்சம்மா. பார்த்தவள் மறக்கவும் இல்லை.

பதினைந்து வருஷம் குறையில்லாமல்தான் போயிற்று. ஒரு நாள் வேலை முடிந்து வந்த தர்மேந்திரன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. தம்பியின் தலைமாட்டில் அழுதுகொண்டே குஞ்சம்மா சொன்னாள்: "ஒன்பது இருபதுக்குக் கட்டின தாலிதானே!"

அதை வேண்டுமென்று சொன்னாளா, துக்கத்தில் வாய் தவறிச் சொன்னாளா என்பது வேறு. சொன்ன சொல் ஊரில் தங்கிவிட்டது. கல்யாண வீடு, கருமாதி வீடு, தீமிதி, எங்கே போனாலும் யாராவது ஒருத்தி மங்களத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவளிடம் அந்த மணியைச் சொல்லுவாள்.

ஆனாலும் குஞ்சம்மாவைக் கெட்டவள் என்று சொன்னால் மங்களமே சண்டைக்கு வருவாள். தகப்பன் இல்லாத மகள் தாரணியை ஐந்து வருஷம் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு ஏற்றிப்போய் இறக்கியவள் அந்த அத்தைதான். வீரப்பன் விஷயம் தெரிந்ததும் முதலில் தலையாட்டியவளும் அவள்தான்.

"கட்டிக்கோ. எத்தனை நாளைக்குத்தான் ஒத்தையா தோசை சுடுவ? ஆனா இந்தத் தடவை நேரத்தோட கட்டிக்கோ மங்களம். அவ்வளவுதான் நான் கேக்குறது."

மங்களத்துக்கும் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. நகை வேண்டாம், மண்டபம் வேண்டாம், மாலைகூடச் சின்னதாக இருந்தால் போதும். தாலி ஏறுகிற நேரம் மட்டும் ஒரு நாக்கும் நீள முடியாத நேரமாக இருக்கவேண்டும். நேரம் தப்பிய இடத்திலேயே நேரத்தோடு கட்டிக்கொள்ளவேண்டும் என்று அந்தப் பழைய கோயிலையே பிடித்தாள்.

கோயில் செயலாளர் சின்னத்தம்பி தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷா வருஷம் தமிழ்நாட்டிலிருந்து பஞ்சாங்கப் புத்தகம் வரவழைப்பார். அதில் உள்ளதெல்லாம் இந்திய நேரம். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். ஆகவே ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு மணியோடும் இரண்டரையைக் கூட்டி, "இவ்வார நாள் விவரம்" என்று ஒரு தாள் அடித்துக் கோயில் பலகையில் ஒட்டுவார். இப்போது வாட்ஸ்அப்பிலும் போடுகிறார். இருபத்திரண்டு வருஷமாக ஒரு வாரம் தப்பவில்லை.

"ஆவணி வளர்பிறை, ஞாயித்துக்கிழமை, அஸ்தம் நட்சத்திரம். கண்ண மூடிட்டு எடுக்கலாம்," என்றார் சின்னத்தம்பி. பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். "புத்தகத்துல முகூர்த்தம் ஒன்பதுலருந்து பத்தரை. ரெண்டரையக் கூட்டு. பதினொன்றரையிலருந்து ஒரு மணி. எழுதிக்கம்மா."

மங்களம் எழுதிக்கொண்டாள். தாரணி அதை அழகாக அச்சடித்த அழைப்பிதழ்போலச் செய்து எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். குருக்கள் அன்று காலை அலோர் காஜாவில் இன்னொரு கல்யாணத்தை முடித்துவிட்டுப் பதினொரு மணிக்கு வந்துவிடுவதாக ஒப்புக்கொண்டார். எல்லாம் நூல் பிடித்ததுபோல் இருந்தது.

கல்யாண வாரத்துத் திங்கட்கிழமை மாலை, புக்கிட் காத்தில் என்னும் தாமான் குடியிருப்பில் இருந்த மங்களத்தின் வீட்டுக்குக் குஞ்சம்மா வந்தாள். கையில் நாள்காட்டி. வீட்டுச் சுவரில் மாட்டியிருந்ததை அப்படியே கழற்றிக்கொண்டு வந்திருந்தாள். அது தொங்கிய ஆணியும் கூடவே வந்திருந்தது.

"தாரணி, ஞாயித்துக்கிழமை எமகண்டம் எத்தன மணின்னு படி."

"பன்னெண்டுலருந்து ஒன்றரை, அத்தை."

"உங்கம்மா முகூர்த்தம்?"

"பதினொன்றரை டு ஒன்… ஐயோ."

"ஐயோதான்! பாதி முகூர்த்தம் எமன் வீட்டுல இருக்கு. இதுக்கு அந்தச் சின்னத்தம்பி பென்சில வேற நக்குறாரு."

"பன்னெண்டுக்கு முன்னாலயே கட்டிடலாம் அண்ணி," என்றாள் மங்களம். "அரை மணி நேரம் இருக்கே."

"அரை மணியா? நம்ம ஆளுங்களுக்கு மாலை மாத்தி போட்டோ எடுக்கவே முக்கால் மணி பத்தாது. அப்புறம் ஊருல என்ன சொல்லுவாங்க? மொதத் தாலி நேரம் தப்பி, ரெண்டாவது எமகண்டத்துலன்னு சொல்லுவாங்க."

"யாரு அத்தை சொல்லுவாங்க?" என்றாள் தாரணி.

குஞ்சம்மா ஆணியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று வீரப்பன் போன் செய்தபோது மங்களம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரித்தார். "நேரத்த நீங்க முடிவு பண்ணுங்க லா. டெலிவரி எத்தன மணின்னு சொன்னா வண்டி அங்க நிக்கும். இருபத்தெட்டு வருஷத்துல ஒரு ஸ்டேஷனுக்கும் நான் லேட்டா போனதில்ல."

"இது பெட்ரோல் இல்லங்க."

"அதவிட டேஞ்சர்னு எனக்கும் தெரியும்."

மங்களத்துக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் போனை வைத்த பிறகு நாள்காட்டியும் சின்னத்தம்பியின் கணக்கும் மாறி மாறி மண்டைக்குள் ஓடின. இரண்டில் எது சரி? எதை நம்பிக் கழுத்தை நீட்டுவது?

புதன்கிழமை காலை, விடுப்பில் இருந்த மங்களம் வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். தாரணியின் ஆபீஸ் சட்டைகளை முதலில் போட்டு, படுக்கை விரிப்புக்கு வரும்போது போன் கினிங் என்றது. சின்னத்தம்பியின் வாரத் தாள். இவ்வாரம் தன் கல்யாணம் இருக்கும் வாரமாயிற்றே என்று, வாழ்க்கையில் முதல்முறையாக அவள் அந்தத் தாளை முதல் வரியிலிருந்து படித்தாள்.

முதல் வரி: சூரிய உதயம், காலை மணி 8.31.

மங்களம் போனில் மணி பார்த்தாள். எட்டு ஐந்து. அண்ணாந்து பார்த்தாள். அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சூரியன் முழுசாக நின்று அவள் கண்ணைக் கூசவைத்தது. சின்னத்தம்பி அண்ணன் கணக்குப்படி அது இன்னும் எழுந்திருக்கவே இல்லை. முதலில் காயப்போட்ட சட்டையோ பாதி உலர்ந்திருந்தது.

அவளுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு விரிப்பைக் கொடியில் பாதியாகத் தொங்கவிட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

புத்தகத்தில் உதயம் 6.01 என்று இருந்திருக்கும். அண்ணன் இரண்டரையைக் கூட்டியிருக்கிறார். மலாக்காவில் சூரியன் எப்போது வருகிறது என்று கேன்டீன்காரிக்கு யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. ஆவணியில் ஏழு ஏழேகாலுக்கு இடையில்தான். அப்படியென்றால் உதயத்துக்கு இரண்டரை மணி கூட்டியது தப்பு. ஒரு மணி நேரமும் சில்லறையும்தான் கூட்டவேண்டும். சரி, உதயத்தை வைத்து எண்ணுகிற மற்றதெல்லாம்?

அடுப்புக் கணக்கில் யோசித்தாள். சோறு வேகும் நேரத்தை அரிசி அடுப்பில் ஏறியதிலிருந்து எண்ணுவோமே தவிர, பக்கத்து வீட்டு அடுப்பைப் பார்த்து எண்ணமாட்டோம். சென்னையில் ஏறிய உலைக்குச் சென்னைக் கணக்கு. மலாக்காவில் ஏறிய உலைக்கு மலாக்காக் கணக்கு. முகூர்த்தமும் அப்படி உதயத்திலிருந்து எண்ணுகிறதென்றால்…

அவள் விரிப்பை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடினாள். "தாரணி! இன்னைக்குச் சாயங்காலம் லூபோக் சீனா போகணும். அத்தையையும் ஏத்திக்க. நாள்காட்டியோட வரச் சொல்லு. ஆணி வேணாம்."

சாயங்காலம் கோயில் ஆபீசில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். மங்களம் போனை மேசைமேல் வைத்து முதல் வரியைக் காட்டினாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. எட்டு முப்பத்தொண்ணுக்கா நமக்குச் சூரியன் வருது?"

சின்னத்தம்பி கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டார். வாசலுக்குப் போய் மேற்கே இறங்கிக்கொண்டிருந்த சூரியனை ஒரு சந்தேகத்தோடு பார்த்துவிட்டு வந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா போட்டுக்கிட்டு வரேன். ஒருத்தரும் சொல்லலையே?"

"யாரு அங்கிள் படிச்சா?" என்றாள் தாரணி. "எல்லாரும் ராசிபலனுக்கு நேரா ஸ்க்ரோல் பண்ணிடுவாங்க."

குஞ்சம்மாவுக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடைக்காது. "எட்டரைக்குச் சூரியனாம்! அப்ப ஏழு மணிக்கு எங்க வீட்டுல வெளிச்சம் போடுறது யாரு, சின்னத்தம்பி? நீங்களா டார்ச் லைட் அடிக்கிறீங்க?"

ஆனால் சின்னத்தம்பி நல்ல கிராணி. தப்பு தெரிந்தால் மறைக்கிற ஆளில்லை, அடித்துத் திருத்துகிற ஆள். பஞ்சாங்கத்தை எடுத்து ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை விரித்தார். விரலை ஒவ்வொரு கட்டத்திலும் வைத்துத் தனக்குத்தானே பேசுகிறமாதிரி பேசினார்.

"இரு, இரு. எல்லாமே தப்பில்ல. இதோ அஸ்தம், மத்தியானம் ஒண்ணு நாப்பது வரை. இது நிலாக் கணக்கு. நிலா ஒரு நட்சத்திரத்த விட்டு நகர்ற நொடி உலகத்துக்கே ஒரே நொடி. சென்னைக் கடிகாரத்துல அப்ப ஒண்ணு நாப்பது, நம்ம கடிகாரத்துல நாலு பத்து. இதுக்கு ரெண்டரை கூட்டினது சரி. திதிக்கும் சரி."

"சூரியனுக்கு?" என்றாள் மங்களம்.

"சூரியன் ஊருக்கு ஊர் வேற வேற நேரத்துல எழுந்திருக்கிறாரு. லக்னம், முகூர்த்தம், ராகு காலம், எமகண்டம் எல்லாம் அவரு எழுந்ததுலருந்துதான் எண்ணணும். இத்தன வருஷம் நான் எல்லாத்தையும் ஒரே லாரியில ஏத்திட்டேன் மங்களம்."

"அப்ப என் நாள்காட்டி?" என்று குஞ்சம்மா பாய்ந்தாள்.

"அது ஆறு மணி உதயத்துக்குப் போட்ட பொதுக் கணக்கு. பன்னெண்டு மணி எமகண்டம் நமக்கு ஒரு மணிக்கு மேலதான் வரும்."

தாரணி போனில் மலாக்காவின் உதயத்தைத் தேடினாள். ஞாயிற்றுக்கிழமை 7.06. புத்தகத்தில் 6.01. வித்தியாசம் அறுபத்தைந்து நிமிஷம். சின்னத்தம்பி பென்சிலை நாக்கில் தொட்டார். ஒன்பது மணி பத்து ஐந்தாயிற்று. பத்தரை பதினொன்று முப்பத்தைந்தாயிற்று.

"பத்து அஞ்சுலருந்து பதினொண்ணு முப்பத்தஞ்சு. இதுக்குள்ள கட்டினா உன் நாள்காட்டிப்படியும் எமகண்டம் கிட்ட வராது குஞ்சம்மா. என்ன சொல்ற?"

"குருக்கள் பதினோரு மணிக்குத்தானே வராரு," என்றாள் குஞ்சம்மா. அது சம்மதம் என்று அர்த்தம்.

சின்னத்தம்பிக்கோ இப்போது வேகம் பிடித்துவிட்டது. அலமாரியைத் திறந்தார். பழைய பஞ்சாங்கங்கள் வருஷவாரியாக அடுக்கியிருந்தன. "இன்னும் எத்தன கல்யாணத்துக்கு நேரம் மாத்திக் குடுத்திருக்கேனோ… நான் செயலாளரா வரதுக்கு முன்னால இன்னும் மோசம். கூட்டவே மாட்டாங்க. புத்தகத்துல இருக்கிறத அப்படியே பத்திரிகையில அடிச்சிடுவாங்க."

மங்களம் தலை நிமிர்ந்தாள்.

"அப்படியேவா? ஒண்ணும் கூட்டாமயா?"

"ஒண்ணும் கூட்டாம."

"என் கல்யாணப் புத்தகம் இருக்கா அண்ணே? மொதக் கல்யாணம்."

இருந்தது. பழுப்பேறிய தாள், மூலையில் எலி கடித்த அடையாளம். தை மாதப் பக்கத்தில் முகூர்த்தம் 7.30 – 9.00. பத்திரிகையில் அடித்திருந்த அதே மணி. உதயம் 6.36. தாரணி அந்தத் தேதிக்கு மலாக்கா உதயத்தைத் தேடிச் சொன்னாள்: "7.28, ம்மா."

மங்களம் சின்னத்தம்பியின் கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டாள். ஐம்பத்திரண்டு நிமிஷம். ஏழரையோடு கூட்டினால் எட்டு இருபத்திரண்டு. ஒன்பதோடு கூட்டினால்…

அவள் எழுதியதை யாரும் படிக்கவில்லை. அவளே படித்தாள். "முகூர்த்தம் முடியிறது ஒன்பது அம்பத்திரண்டு."

அவள் பென்சிலை மேசைமேல் வைத்தாள். பிறகு மங்களம் மெதுவாகத் திரும்பினாள்.

"அண்ணி, உங்க தம்பி எத்தன மணிக்குக் கட்டினாரு?"

பன்னிரண்டு வருஷமாகக் கேட்காமலே சொன்ன வாய், கேட்டபோது உடனே திறக்கவில்லை. குஞ்சம்மா மடியிலிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒன்பது இருபது."

"இன்னும் அரை மணிக்குமேல மிச்சம் இருந்துருக்கு," என்றார் சின்னத்தம்பி. "நடு முகூர்த்தம்மா அது. அந்த வேன் டயர் வெடிக்காம சீக்கிரம் வந்திருந்தா, எட்டு மணிக்கே கட்டி நேரம் தப்பியிருக்கும்."

மங்களம் அழுவாள் என்று தாரணி கையைப் பிடித்தாள். மங்களம் அழவில்லை. நெடுநாள் இடுப்பில் சுமந்த குடத்தை இறக்கி வைத்தவள்போல ஒரு பெருமூச்சு விட்டாள். "அவருக்கு நெஞ்சுவலி வந்துச்சு. போயிட்டாரு. அவ்வளவுதான்," என்றாள். யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டது குஞ்சம்மாதான்.

"நல்ல நேரத்துலதான் கட்டியிருக்கான் என் தம்பி," என்றாள். "அவன் எதையும் தப்பா செய்யமாட்டான். நான்தான்…" மூக்கை உறிஞ்சிவிட்டுச் சின்னத்தம்பியின் பக்கம் திரும்பினாள். "எல்லாம் உங்க புத்தகத்தால வந்த வினை!"

"நான் அப்ப செயலாளரே இல்லம்மா!"

"இப்ப இருக்கீங்கல்ல? வாங்கிக்கங்க."

நால்வரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் குஞ்சம்மா எழுந்தாள், மேசைமேல் இருந்த பழைய பஞ்சாங்கத்தின் அந்தப் பக்கத்தைத் தாரணியைக்கொண்டு படம் எடுக்கவைத்தாள். "தோட்டத்து குரூப்புல போடு. கீழ எழுது, முகூர்த்தம் ஒன்பது அம்பத்திரண்டு வரைன்னு குஞ்சம்மா சொல்றாள்னு. நான் சொன்னாத்தான் நம்புவாளுங்க."

ஞாயிற்றுக்கிழமை வீரப்பன் ஒன்பதரைக்கே வந்து நின்றார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பழக்கத்தில் செருகிய லாரி லாக் புக். தாரணி அதைப் பிடுங்கி வைத்தாள். பத்து ஐந்துக்குச் சின்னத்தம்பி மணி அடித்து, "முகூர்த்தம் திறந்தாச்சு!" என்று கடை திறப்பதுபோல அறிவித்தார். வந்தவர்கள் எல்லாருக்கும் ஏற்கெனவே விஷயம் தெரிந்திருந்தது. மங்களத்தைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவளிடம் குசுகுசுத்த பெண்கள் இன்றும் குசுகுசுத்தார்கள். ஆனால் இன்று குசுகுசுத்த மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.

பதினொன்றுக்கு வரவேண்டிய குருக்கள் வரவில்லை.

பதினொன்று ஐந்து. பதினொன்று பத்து. மங்களம் மணவறையில் உட்கார்ந்திருந்தாள். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன் எடுக்கல லா," என்றாள் தாரணி.

"அலோர் காஜாவுலருந்து வர ரோட்ட எனக்குத் தெரியும்," என்றார் வீரப்பன். "டிராபிக் லைட்ல மாட்டியிருப்பாரு. பத்து நிமிஷத்துல வந்துடுவாரு மங்களம். டேங்கர்காரன் சொன்னா நம்புங்க."

குஞ்சம்மா வாசலில் நின்றாள், இடுப்பில் ஒரு கை, நெற்றியில் ஒரு கை, ரயில்வே கேட்காரன்போல. பதினொன்று பதினெட்டுக்கு ஒரு வெள்ளை மைவி கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. குருக்கள் இறங்கி முடிப்பதற்குள் குஞ்சம்மா அவர் தாம்பாளத்தைக் கையில் வாங்கிவிட்டாள்.

"சாமி, சுருக்கமா, ஆனா முழுசா!"

குருக்கள் இவ்வளவு வேகமாக மந்திரம் சொன்னதை அந்தக் கோயில் அதுவரை கேட்டதில்லை. மாங்கல்யத்தை எல்லாரும் தொட்டுக் கும்பிட்டார்கள். தாம்பாளத்தை நீட்டிக்கொண்டு வந்தவள் குஞ்சம்மாவேதான்.

"வீரப்பா, கை நடுங்காம கட்டு. என் தம்பி பொண்டாட்டி இவ."

"நடுங்கல அக்கா. வண்டி நியூட்ரல்ல நின்னு உறுமுது, அவ்வளவுதான்."

மேளம் கொட்டியது. மங்களம் தலை குனிந்தாள். மணி பார்க்கவேண்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தவளுக்கு அந்த நொடியில் நினைவே வரவில்லை. கழுத்தில் விரல்கள் பட்டன. வீரப்பன் கையில் டீசல் வாடையும் மஞ்சள் வாடையும் கலந்து வந்தன. முதல் முடிச்சு. அடுத்த இரண்டையும் குஞ்சம்மாவே போட்டாள்.

அட்சதை மழை ஓய்ந்த பிறகுதான் மங்களம் நிமிர்ந்தாள்.

"எத்தன மணி அண்ணி?"

குஞ்சம்மா பையிலிருந்து நாள்காட்டித் தாளை எடுத்தாள். அன்றைய தாள், ஆவணி ஞாயிறு. எமகண்டத்துக்கு மேலே பென்சிலால் பெரிதாக எழுதியிருந்தாள்: 11.27.

"எட்டு நிமிஷம் மிச்சம்," என்றாள். தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். "இனிமே எவளாவது கேக்கட்டும். சொல்றதுக்கு நான் இருக்கேன்."

அப்புறம் பந்திப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "சின்னத்தம்பி! இலை போடுங்க. சாப்பாட்டுக்கும் ரெண்டரை மணி கூட்டிடாதீங்க!"